பார்சல் நூடில்ஸ் வீட்டுத் தாச்சியில்

வீட்டில் செய்யும் நூடில்ஸ் ஏன் கடைப் பார்சல் மாதிரி வருவதில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சோஸ் சரியில்லை என்பார் ஒருவர். அஜினோமோட்டோ போடாததுதான் குறை என்பார் இன்னொருவர். கடைக்காரர் ஏதோ ஒரு தூளை ஒளித்து வைத்துப் போடுகிறார் என்று நம்புகிறவர்களும் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார்கள். என் தம்பி எங்கள் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரவு நேரம் வொக் என்கிற சீனத் தாச்சி போடுகிறவன். ஃபிரைட் ரைஸ், நூடில்ஸ், டெவில் எல்லாம் அவன் கையால்தான் போகும். அவன் சோஸைப் பற்றிக் கதைப்பதே குறைவு. "ராத்தா, மொதல்ல தண்ணிய வெரட்டுங்க. சோஸ பொறகு பாப்பம்" என்பான்.

எனக்கு இப்போது அவன் சொன்னதில் முழு நம்பிக்கை. மாட்டிறைச்சியும் மரக்கறியும் போட்ட நூடில்ஸ் எங்கள் வீட்டில் வாரக் கடைசியில் அடிக்கடி நடக்கிற சமையல். பிள்ளைகள் பார்சல் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் அவனிடம் கற்றதையும் நானாகச் செய்து பார்த்துப் பிடித்துக்கொண்டதையும் எழுதுகிறேன்.

தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். தாச்சிக்குள் ஈரம் இருக்கும்வரை அதிலுள்ள எதுவும் அந்தச் சூட்டை அதிகம் தாண்டாது. இறைச்சி சிவந்து, ஓரம் முறுகி, அந்தக் கடை வாசம் வர வேண்டுமானால் 140 பாகைக்கு மேலே போக வேண்டும். கடையில் இருப்பது இரைந்து எரிகிற அடுப்பு. நம் வீட்டு கேஸ் அடுப்பைவிடப் பல மடங்கு நெருப்பு. அதில் நூடில்ஸைப் போட்டதும் ஈரம் ஆவியாகிப் போய்விடும். தம்பி வொக்கைத் தூக்கி எறியும்போது எண்ணெய்த் துளிகள் ஓரத்தில் பற்றிக்கொண்டு ஒரு சுவாலை எழும்பும். கன்டோனீஸ் சமையல்காரர்கள் வொக் ஹெய் என்று கொண்டாடும் புகை மணம் அப்படித்தான் வருகிறது.

வீட்டில் அந்த நெருப்பு இல்லை. அப்படியென்றால் அடுப்பு செய்ய வேண்டிய வேலையில் பாதியைப் பற்றவைக்கு முன்பே நாம் முடித்து வைக்க வேண்டும். நூடில்ஸை உலர்த்துவது, இறைச்சியின் ஈரத்தைத் துடைப்பது, மரக்கறியில் நிற்கும் தண்ணீரை உதறுவது, கடைசியில் தாச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது. இவ்வளவும் தண்ணீரை வெளியேற்றுகிற வேலைதான்.

முதலில் நூடில்ஸ். கடையில் விற்கும் 400 கிராம் கோதுமை நூடில்ஸ் பக்கெட் ஒன்று எங்கள் வீட்டில் பெரியவர், சிறியவர் என்று ஐந்து பேருக்குத் தாராளமாகப் போதும். எந்த மார்க் என்பது பெரிய விசயமில்லை. முட்டை சேர்த்தது கிடைத்தால் நல்லது. இரண்டு நிமிட நூடில்ஸ் வேண்டாம், அது ஏற்கெனவே எண்ணெயில் பொரித்து வருவது, வறுக்கும்போது நொருங்கிப் போகும். கிண்ணியாவுக்கு பஸ்ஸில் போகும் வழியில் சீனக்குடா வரும். அங்கே இருக்கிற பிரிமா மா ஆலை 1980 முதல் ஓடுகிறது. இலங்கைக்குக் கோதுமை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது. நம் துறைமுகத்தில் இறங்கி, நம் ஊரிலேயே மாவாகி, பிறகு நாடு முழுக்கப் போகிறது. ரொட்டிக்கும் பராட்டாவுக்கும் நூடில்ஸுக்கும் அந்த மாதான். அந்த ஆலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை வரும்.

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு உப்புப் போட்டு நூடில்ஸை இறக்க வேண்டும். பக்கெட்டில் எழுதியிருக்கும் நேரத்தில் ஒரு நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள். ஓர் இழையைக் கடித்துப் பார்த்தால் நடுவில் மெல்லிய வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிய வேண்டும். அப்போது வடித்து, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, கையால் அளைந்து கழுவ வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் மாப்பசை போவதற்காகத்தான் இது. வடிதண்ணீர் தெளிவாக ஓடும்வரை விடக்கூடாது.

அதற்குப் பிறகு வருவதுதான் பலர் செய்யாத வேலை. வடித்த நூடில்ஸை வடியிலேயே குவியலாக விட்டால் மேலே காயும், அடியில் தண்ணீர் தேங்கி ஊறும். நான் ஒரு பெரிய சுளகில் சுத்தமான பருத்தித் துணியை விரித்து, நூடில்ஸை மெல்லிசாகப் பரப்பி, ஃபேனுக்குக் கீழே வைப்பேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விரலால் கோதிப் புரட்டிவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் இழைகளின் பளபளப்புப் போய் மங்கலாகும். விரலை உள்ளே விட்டால் ஒட்டாமல் வழுகி வெளியே வரும். ஓர் இழையைப் பிடித்துத் தூக்கினால் கூட நாலைந்தை இழுத்துக்கொண்டு வராமல் தனியாக வரும். அந்தப் பதம் வந்ததும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு மெதுவாகப் பிரட்டி மூடி வைக்கலாம். எண்ணெயை முதலிலேயே விட்டால் ஈரத்தின் மேல் எண்ணெய் மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பது வெளியேறாது.

இதில் நம் ஊர்க் காலநிலைக்கும் ஒரு பங்கு உண்டு. கச்சான் காற்று வீசுகிற ஜூன், ஜூலை மாதங்களில் யன்னலைத் திறந்து வைத்தாலே அரை மணித்தியாலத்தில் நூடில்ஸ் உலர்ந்துவிடும். அதிகம் விட்டால் முறிந்துகூடப் போகும், அடிக்கடி பார்க்க வேண்டும். மார்கழி மழையில் அதே வேலைக்கு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் எடுக்கும். கடல் பக்கத்து ஈரக்காற்று வேறு. மழை நாளில் காலையிலேயே அவித்து, உலர்த்தி, ஃபிரிட்ஜில் மூடாமல் வைத்துவிடுவேன். ஃபிரிட்ஜின் குளிர்காற்று மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தம்பியின் கடையிலும் மத்தியானமே அவித்துத் தட்டுகளில் பரப்பி வைக்கிறார்கள். இரவு வரும் ஓடருக்கு அப்போது அவிக்கிற கடை எதுவும் இல்லை.

நூடில்ஸ் கிடைக்காத நாளில் ஸ்பகட்டியையும் எடுக்கலாம். அவிக்கும் தண்ணீரில் லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா போட்டால் அது கொஞ்சம் மஞ்சளாகி, சீன நூடில்ஸின் இழுவை வரும். சீனாவிலும் ஜப்பானிலும் சில வகை நூடில்ஸ் மாவில் அப்பச்சோடா மாதிரிக் காரத்தன்மையுள்ள பொருள் சேர்த்துத்தான் பிசைகிறார்கள். நுரை பொங்கி வழியும், பெரிய பாத்திரமாக எடுங்கள்.

இனி இறைச்சி. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

உம்மாவின் ஊர் கிண்ணியா. 2009 இல் பாலம் திறக்கும்வரை பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போவோம், வருவோம். இறைச்சி வாங்கிக்கொண்டு வெயிலில் பாதைக்குக் காத்து நிற்க வேண்டியிருக்கும் என்பதால் உம்மா அங்கிருந்து பச்சை இறைச்சி கொண்டுவரவே மாட்டா, அங்கேயே பொரித்துத்தான் தந்துவிடுவா. இப்போது 396 மீற்றர் பாலத்தைக் கடக்க எத்தனை நேரம்? அங்கே எங்களுக்குப் பழக்கமான கடையில் காக்காவிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் தொடையில் எலும்பில்லாத தனி இறைச்சியாக, கொழுப்பும் சவ்வும் எடுத்து ஒரே கட்டியாகத் தருவார். அண்டர்கட் இன்னும் மெது. ஆனால் விலை கூட, அதுவும் இந்த நூடில்ஸுக்குத் தேவையே இல்லை. தொடை இறைச்சியில்தான் மாட்டிறைச்சியின் ருசி நிற்கும். கறிக்கு வெட்டுவது போலத் துண்டு போட்டு வாங்காதீர்கள். கட்டியாக வாங்கினால்தான் நீங்கள் விரும்பியபடி வெட்டலாம்.

அன்று அறுத்த இறைச்சியை அன்றே வறுக்க வேண்டாம். அறுத்துச் சில மணித்தியாலங்களில் தசை விறைத்துக்கொள்ளும், அது தளர ஒரு நாளாவது எடுக்கும். ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பான் இறைச்சியை அவசரமாக வறுத்தால் ஏன் கயிறாக இழுக்கிறது என்பதற்கும் அதுதான் காரணம். கறியில் நீண்ட நேரம் வேகும்போது தெரியாது. இரண்டு நிமிட வறுவலில் உடனே தெரியும். ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடி வைத்துவிட்டு எடுங்கள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறைக்கு இறைச்சிக் கடை திறக்காது, முதல் நாளே வாங்கி வைப்போம். எங்கள் வீட்டில் போயா விடுமுறைக்குச் செய்கிற நூடில்ஸ் எப்போதும் நன்றாக வருவதற்கு அந்த ஒரு நாள் ஓய்வும் உதவுகிறது என்று நினைக்கிறேன்.

வெட்டுவதற்கு முன் இறைச்சிக் கட்டியை அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் ஃபிரீசரில் வைத்தால் இறுகும், கத்தி வழுக்காது. கட்டியைக் கையில் திருப்பிப் பாருங்கள். நார்கள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்று கோடு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே, மூன்று மில்லிமீற்றர் தடிப்பில், விரல் நீளத்துக்கு வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் நார் குட்டையாகிவிடும், பல்லுக்கு வேலை குறையும். நாரோடு ஒட்டி நீளமாக வெட்டினால் எந்த மசாலாவும் அதைக் காப்பாற்றாது.

கடை இறைச்சியின் அந்த வழுவழுப்புக்கு அப்பச்சோடாதான் வழி. 300 கிராம் இறைச்சிக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துப் பிசைந்து இருபது நிமிடம் வைக்க வேண்டும். சோடாவின் காரத்தன்மை இறைச்சியின் மேற்பரப்பில் உள்ள புரதம் சூட்டில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கிறது. அதனால் உள்ளே இருக்கிற சாறு வெளியே வராது. வெளியே வராத சாறு தாச்சியில் தண்ணீராகவும் நிற்காது, பார்த்தீர்களா, இங்கேயும் அதே கதைதான். இருபது நிமிடம் ஆனதும் இரண்டு தண்ணீரில் கழுவி, கையால் பிழிந்து, துணியால் ஒற்றி எடுங்கள். கழுவாமல் விட்டால் சவர்க்கார வாடை வரும், அளவைக் கூட்டினாலும் வரும். பிறகு ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு மேசைக்கரண்டி சோளமா, கொஞ்சம் மிளகுதூள், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போட்டுப் பிரட்டி மூடி வையுங்கள். சோளமா இறைச்சியின் மேல் மெல்லிய போர்வையாக நிற்கும். அதுதான் சோஸைப் பிடித்துக்கொள்ளும்.

மரக்கறிக்கு வருவோம். அமெரிக்கச் சீனக் கடைகளின் டேக்அவுட் நூடில்ஸில் புரொக்கோலி, சிவப்புக் குடைமிளகாய், தோலோடு சாப்பிடுகிற இனிப்புப் பட்டாணி என்று போடுவார்கள். இங்கே புரொக்கோலி கிடைக்கும், ஆனால் அந்த விலைக்கு ஒரு கிழமைக்கான மரக்கறி வாங்கலாம். கரட், கோவா, லீக்ஸ், போஞ்சி, கறிமிளகாய் போதும். தம்புள்ளையிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக லொறியில் வருபவைதான் எல்லாம். காலையில் சந்தைக்குப் போனால் வாடாமல் எடுக்கலாம். லீக்ஸின் மடிப்புக்குள் மண் நிற்கும், நீளமாகப் பிளந்து கழுவுங்கள். பச்சை இலையை எறிய வேண்டாம், கடை நூடில்ஸின் மணத்தில் பாதி அந்தப் பச்சை இலையிலிருந்து வருவது. எல்லாவற்றையும் தீக்குச்சித் தடிப்பில் அரிந்து, கழுவின ஈரத்தை உதறித் துணியில் சுற்றி வையுங்கள். கழுவிவிட்டு அரிய வேண்டும், அரிந்துவிட்டுக் கழுவக் கூடாது. முளைவிட்ட பயறு கிடைத்தால் ஒரு கைப்பிடி கடைசியில் சேர்க்கலாம். தக்காளி வேண்டவே வேண்டாம், அது தண்ணீர்.

சோஸை அடுப்பைப் பற்றவைக்கு முன் கலந்துவிட வேண்டும். தாச்சி சூடான பிறகு போத்தல் மூடி திறக்க நேரம் இருக்காது. ஒரு பக்கெட் நூடில்ஸுக்கு என் அளவு இது: சோயா சோஸ் நான்கு மேசைக்கரண்டி, ஒயிஸ்டர் சோஸ் மூன்று, சிவப்புச் சீனி இரண்டு தேக்கரண்டி, தென்னை வினாகிரி ஒரு தேக்கரண்டி, மிளகுதூள் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி. உப்புப் போடுவதில்லை, சோயாவிலேயே இருக்கிறது. சீனக் குறிப்புகளில் அரிசி வைன் ஊற்றச் சொல்வார்கள். நாங்கள் சேர்ப்பதில்லை. அது இறைச்சியின் வாடையை முறித்து ஒரு மெல்லிய புளிப்பைத் தருகிறது. அந்த வேலையைத் தென்னை வினாகிரியும் சீனியும் சேர்ந்து நன்றாகவே செய்கின்றன. போத்தல்களில் ஹலால் சின்னம் பார்த்து வாங்குவேன்.

அஜினோமோட்டோ பற்றி எல்லாரும் கேட்பார்கள். 1908 இல் ஜப்பானில் இக்கேடா கிக்குனாயே என்ற இரசாயனப் பேராசிரியர் கடற்பாசிச் சாற்றிலிருந்து அந்த ருசியைப் பிரித்தெடுத்தார், அடுத்த வருடமே அது விற்பனைக்கு வந்தது. எனக்கு அதில் பயமில்லை. ஆனால் பெரும்பாலான ஒயிஸ்டர் சோஸில் அது ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் போட்டால் ஒரே ருசியாக நாக்கில் அப்பிக்கொள்ளும். ஒயிஸ்டர் சோஸ் இல்லாத நாளில் மட்டும் ஒரு சிட்டிகை.

இணையக் குறிப்புகளில் எள்ளெண்ணெய் என்று பார்த்துவிட்டு நம் நல்லெண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். சீனக் கடைகளின் எண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. கரும்பழுப்பாக இருக்கும், கடைசியில் சில துளி விட்டாலே வீடு மணக்கும். நம்முடையது பச்சை எள்ளில் ஆட்டியது. குணமும் வேறு, மணமும் வேறு. நான் ஒரு தேக்கரண்டி எள்ளை வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, அம்மியில் ஒரு தடவை இழுத்து, கடைசியில் தூவுகிறேன். அந்த மணம் வந்துவிடுகிறது.

நெருப்பு. 2022 இல் கேஸ் இல்லாமல் நாடே தவித்தபோது நாங்களும் பின்வளவில் மூன்று கல் வைத்து விறகில்தான் சமைத்தோம். கஷ்டமான காலம், சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றதை மறக்க முடியாது. ஆனால் அந்த அடுப்பில் நூடில்ஸ் வறுத்த அன்று தம்பி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "ராத்தா, இது கடைதான்" என்றான். காய்ந்த விறகு நன்றாகப் பிடித்த பிறகு, தாச்சியை வைக்குமுன் இரண்டு மூன்று சிரட்டையை உள்ளே தள்ளினால் சில நிமிடங்களுக்கு அப்படியொரு நெருப்பு எழும்பும். தாச்சியின் அடியை மட்டுமில்லாமல் பக்கங்களையும் சுற்றி அணைத்துக்கொண்டு எரியும். நமக்குத் தேவையானதும் அந்தச் சில நிமிடம்தான். கேஸ் திரும்ப வந்த பிறகும் நான் அந்தக் கல்லடுப்பை எடுக்கவில்லை. மழையில்லாத நாளில் நூடில்ஸ் வெளியேதான். குசினிக்குள் கேஸில் செய்தால் பெரிய பேர்னரில், முழுத் தீயில், தாச்சியை மூன்று நான்கு நிமிடம் வெறுமனே காயவிட்ட பிறகே எண்ணெய். இரும்புத் தாச்சி வேண்டும். நொன்ஸ்டிக்கை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, பூச்சு கெட்டுப்போகும்.

எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தாச்சியில் ஒரு துளி தண்ணீர் தெளித்தால் அது உருண்டு ஓடி மறைய வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுழற்றி, இறைச்சியில் பாதியை மட்டும் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பிவிடுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஒரு முழு நிமிடம் கிளறக்கூடாது. பொரிகிற சத்தம் கூர்மையாக இருக்க வேண்டும். சத்தம் அடங்கி, கொதிக்கிற சத்தமாக மாறினால் அதிகம் போட்டுவிட்டீர்கள், தண்ணீர் விடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே பாதியை வெளியே எடுங்கள். அடிப்பக்கம் சிவந்ததும் ஒரு பிரட்டு, இன்னும் அரை நிமிடம், முக்கால் பதத்தில் பீங்கானுக்கு எடுத்துவிடலாம். மிச்ச பாதிக்கும் இதே.

அதே தாச்சியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய். பம்பாய் வெங்காயம், போஞ்சி, கரட் ஒரு நிமிடம். பிறகு கோவா, கறிமிளகாய், நறுக்கிய உள்ளியும் இஞ்சியும், கடைசியாக லீக்ஸ். உள்ளியை முதலிலேயே போட்டால் இந்தச் சூட்டில் கருகிக் கசக்கும். மொத்தம் இரண்டு, இரண்டரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கோவா நறுக்கென்று கடிபட வேண்டும். அதையும் வெளியே எடுத்துவிட்டுத் தாச்சியைத் துணியால் ஒரு துடை.

இப்போது நூடில்ஸ். முழுவதையும் ஒன்றாகக் கொட்ட வேண்டாம், இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. நாலு பங்காகப் பிரித்து, ஒரு தடவைக்கு ஒரு பங்கு. கடையிலேயே ஓடர் குவிந்து கிடக்கும்போதும் தம்பி இரண்டு பார்சலுக்கு மேல் ஒன்றாகப் போடுவதில்லை. அவ்வளவு பெரிய நெருப்புக்கே இரண்டு என்றால் நமக்கு ஒன்று. எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் நூடில்ஸைப் பரப்பி அரை நிமிடம் தொடாமல் விடுங்கள். அடியில் உள்ள இழைகள் அங்கங்கே பொன்னிறமாகும். பிறகு இரண்டு அகப்பையால் கீழிருந்து மேலாகத் தூக்கிப் பிரட்டுங்கள். குத்தினால் முறியும். சோஸில் கால் பங்கை நூடில்ஸின் மேல் ஊற்றாமல் தாச்சியின் ஓரம் சுற்றி ஊற்றுங்கள். சூடான இரும்பில் பட்டதும் சீறிக்கொண்டு பொங்கி, சீனி கருகும் நிலைக்கு வந்து, கெட்டியாகித்தான் நூடில்ஸில் போய் ஒட்டும். ஒரு பங்கு மரக்கறி, ஒரு பங்கு இறைச்சி, பத்துப் பிரட்டு, எள்ளு, வெங்காயத்தாள், இறக்கிவிடலாம். இதற்கு இரண்டு நிமிடம்.

சீனச் சமையலில் லோமீன் என்று ஒன்றும் சௌமீன் என்று ஒன்றும் இருக்கிறது. லோமீனில் வெந்த நூடில்ஸைச் சோஸில் பிரட்டி எடுப்பார்கள், கொஞ்சம் ஈரமாக, பளபளவென்று இருக்கும். சௌமீன் தாச்சியில் வறுபடுவது. இணையத்தில் மாட்டிறைச்சி நூடில்ஸ் என்று தேடினால் பெரும்பாலும் லோமீன் குறிப்புத்தான் வரும், அதில் சோஸ் நிறைய இருக்கும். அந்த அளவை எடுத்து வறுக்கப் போனால் கூழாகும். நம் ஊர் லன்ச் சீட்டில் சுற்றித் தருகிற நூடில்ஸ் சௌமீன் பக்கம். உங்களுக்கு எது வேண்டும் என்று முதலே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஈரமாக வேண்டுமானாலும் நூடில்ஸை உலர்த்தத்தான் வேண்டும், அப்போதுதான் அது சோஸைக் குடிக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா மாட்டிறைச்சி சாப்பிட மாட்டா. அவவுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுப்பதை நான் முதலிலேயே, வேறு தாச்சியில், வேறு அகப்பையால் செய்து அனுப்பிவிடுவேன். வெள்ளிக்கிழமையென்றால் மரக்கறி மட்டும், மற்ற நாளில் இறால் அல்லது கணவாய். கணவாயை உள்பக்கம் கட்டம் கட்டமாகக் கீறி, ஒரு நிமிடத்துக்கு மேல் நெருப்பில் வைக்காமல் எடுத்தால் அருமையாக இருக்கும். அவவின் பொங்கல் எங்கள் வீட்டுக்கு வருவதும் இப்படித்தான், எங்களுக்கென்று புதுப் பாத்திரத்தில் வரும்.

கடைப் பார்சலுக்குள் ஒரு சின்னப் பொட்டலமாக சிலி பேஸ்ட் வருமே, அது இல்லாமல் என் மூத்த மகன் சாப்பிட மாட்டான். செத்தல் மிளகாய் இருபது, வெந்நீரில் ஊறவைத்து, உள்ளி எட்டுப் பல்லோடு அரைத்து, அரைக் கோப்பை எண்ணெயில் சின்னத் தீயில் வதக்குங்கள். எண்ணெய் பிரிந்ததும் வினாகிரி இரண்டு மேசைக்கரண்டி, சீனி ஒன்றரை, உப்பு. பத்து நிமிடத்தில் கருஞ்சிவப்பாகிவிடும். விருப்பமானவர்கள் மாசிக் கருவாடு இடித்துச் சேர்க்கலாம். ஈரமில்லாத போத்தலில் ஃபிரிட்ஜில் வைத்தால் சில கிழமை இருக்கும்.

மிஞ்சினால் அடுத்த நாள் காலையில் சூடாக்கும்போது தண்ணீர் தெளிக்க வேண்டாம். தாச்சியைக் காயவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கட்டியை அப்படியே போடுங்கள். அடிப்பக்கம் முறுகியதும் உதிர்த்து, நடுவில் இடம் விட்டு ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்குங்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டிக்கு வைப்பதானால் ஆறிய பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி தண்ணீராகி எல்லாம் திரும்ப உள்ளே சொட்டும்.